கையெழுத்தும் மனச்சான்றும்

மனச்சான்றைப் பற்றிய பெரிய வழக்குகள் பெரும்பாலும் சிறிய பொருள்களை முன்னிட்டே எழுந்திருக்கின்றன. உரோமைப் பேரரசின் காலத்தில் அது ஒரு சிட்டிகை சாம்பிராணி. எட்டாம் ஹென்றி மன்னனின் இங்கிலாந்தில் புனித தாமஸ் மூருக்கு அது ஓர் உறுதிமொழித் தாள். நம் காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அது ஒரு மருத்துவக் காப்பீட்டுப் படிவமாக வந்து நின்றது. இம்முறை எவருடைய உயிருக்கும் ஆபத்தில்லை; தண்டனை பணத்தில் மட்டுமே. ஆயினும் அப்படிவத்தில் கையெழுத்திட மறுத்தவர்கள் ஏழை முதியோரைப் பேணும் கன்னியர் என்பதும், அவர்களை எதிர்த்து நின்றது குடிமக்களின் நலனுக்கென்றே சட்டம் இயற்றிய ஓர் அரசு என்பதும் உலகின் கவனத்தை ஈர்த்தன.

கத்தோலிக்க நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களின் காப்பீட்டில் கருத்தடை மருந்துகளையும் சேர்த்தாக வேண்டுமா என்பதே வழக்கு. கேட்டவுடன் விடை எளிதாகத் தோன்றும். திருச்சபையின் போதனையை ஏற்பவர் ஒரு விடையைச் சொல்வார். பெண்களின் மருத்துவ உரிமையை முதன்மையாகக் கருதுபவர் வேறொரு விடையைச் சொல்வார். ஆனால் இவ்வழக்கின் வரலாற்றைப் பொறுமையோடு படிப்பவருக்கு அவ்வளவு எளிய விடை கிடைப்பதில்லை. மனச்சான்று என்பது யாருடையது, ஊதியம் என்பது யாருடையது, பிறருடைய செயலில் நமக்குள்ள பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் வினாக்கள் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

காப்பீடு முதலாளியிடம் வந்த கதை

அமெரிக்காவில் உழைக்கும் வயதிலுள்ள ஒருவர் நோயுற்றால், அவருடைய மருத்துவச் செலவுக்குப் பெரும்பாலும் வழி செய்வது அவர் வேலை பார்க்கும் நிறுவனமே. இது எவரும் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அன்று. 1929-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் இருந்த பேலர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 50 செண்ட் செலுத்திவந்தால், தேவைப்படும்போது 21 நாள் மருத்துவமனைக் கவனிப்பு கிடைக்கும். பாப்டிஸ்ட் சபையாரின் மருத்துவமனை அது. பின்னாளில் பெரிதாக வளர்ந்த மருத்துவக் காப்பீட்டு முறைக்கு இதுவே முன்னோடி ஆயிற்று.

இரண்டாம் உலகப்போர் வந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த 1942-இல் அமெரிக்க அரசு கூலி உயர்வுக்கு வரம்பு விதித்தது. ஆள் பற்றாக்குறையால் தவித்த தொழிற்சாலைகள், கூலியை உயர்த்த இயலாத நிலையில், மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்துத் தொழிலாளரை ஈர்த்தன. காப்பீடு அந்த வரம்புக்குள் அடங்கவில்லை. 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம், முதலாளி கொடுக்கும் காப்பீட்டுக்குத் தொழிலாளி வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதை உறுதி செய்தது. போர்க்காலத்தின் குறுக்குவழி அமைதிக்காலத்தின் நெடுஞ்சாலையாக நிலைத்தது.

இவ்வாறுதான் மறைமாவட்டங்களும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் தங்கள் பணியாளரின் மருந்துச் சீட்டுக்குப் பொறுப்பாளிகள் ஆயின. அந்நாட்டில் கத்தோலிக்க மருத்துவமனைகள் மட்டுமே 600-க்கு மேல் உள்ளன. அவற்றில் செவிலியராகவும் கணக்கராகவும் துப்புரவுப் பணியாளராகவும் உழைப்போரில் கத்தோலிக்கர் அல்லாதார் ஏராளம். காப்பீட்டில் எந்த மருந்து சேரும், எது சேராது என்று தீர்மானிக்கும் பொறுப்பு நிறுவனத் தலைவரின் மேசைக்கு வந்தது. அக்காப்பீடு உழைப்புக்கு ஈடான ஊதியமா, அல்லது நிறுவனம் தானே செய்யும் ஒரு செயலா? ஊதியம் என்றால் அதைப் பயன்படுத்தும் பொறுப்பு தொழிலாளியுடையது. நிறுவனத்தின் செயல் என்றால் நிறுவனத்தின் மனச்சான்றுக்கு அதில் இடமுண்டு. உண்மையில் அது இரண்டுமாக இருந்தது. பிற்காலத்து வழக்குகளின் வித்து இங்கேதான் விழுந்தது.

1965: ஓர் ஆண்டின் இரு முடிவுகள்

கருத்தடைக்கு எதிராக அமெரிக்காவில் முதலில் சட்டம் செய்தவர்கள் கத்தோலிக்கர் அல்லர். 1873-இல் காங்கிரஸ் நிறைவேற்றிய காம்ஸ்டாக் சட்டம், கருத்தடைப் பொருள்களை அஞ்சலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. 1879-இல் கனெக்டிகட் மாநிலம், மணமானவர்கள் அவற்றைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது. இவற்றின் பின்னால் இருந்தவர்கள் புரொட்டஸ்டாண்டு சீர்திருத்தக்காரர்கள். 1930-இல் ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு சில சூழ்நிலைகளில் கருத்தடைக்கு இசைவு தந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், ‘காஸ்தி கொன்னூபி’ என்னும் சுற்றுமடலில் திருச்சபையின் மரபான போதனையை மீண்டும் வலியுறுத்தினார். அதன் பின்னர் அப்பழைய சட்டங்களின் காவலர்களாகக் கத்தோலிக்கரே நின்றனர். மசாசுசெட்ஸ் மாநிலத்தில் சட்டத்தைத் தளர்த்தக் கோரி 1942-இலும் 1948-இலும் நடந்த பொதுவாக்கெடுப்புகளைத் திருச்சபை முழு வலிமையோடு எதிர்த்து வென்றது.

1965 ஜூன் 7-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரிஸ்வோல்ட் வழக்கில் கனெக்டிகட் சட்டத்தை ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீக்கியது. மணவாழ்வின் அந்தரங்கத்துக்குள் காவலர் நுழைய அரசியலமைப்பு இடம் தராது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில், 1948-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் திருச்சபையை வழிநடத்திய பாஸ்டன் பேராயர் கர்தினால் கஷிங், தம் மாநிலச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிக்குக் குறுக்கே நிற்கப் போவதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார். அவருக்கு ஆலோசனைக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரே. தீமை என்று நாம் கருதும் ஒவ்வொன்றையும் அரசின் சட்டம் தடை செய்ய வேண்டியதில்லை என்றும், பொது ஒழுங்கைப் பாதிக்காத தனிவாழ்வு அறநெறியில், நம்மோடு உடன்படாத நல்லெண்ணம் கொண்டோரைச் சட்டத்தால் வற்புறுத்தலாகாது என்றும் அவர் வாதிட்டார். 1966-இல் மசாசுசெட்ஸ் சட்டம் மணமானவர்களுக்காகத் திருத்தப்பட்டது.

மர்ரே அடிகளாரின் சிந்தனை அத்தோடு நிற்கவில்லை. 1950-களில் சமய உரிமை பற்றி எழுதக்கூடாது எனத் தடுக்கப்பட்ட அவரே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வல்லுநராக அமர்ந்தார். 1965 டிசம்பர் 7-ஆம் நாள், 2308 வாக்குகள் ஆதரவாகவும் 70 வாக்குகள் எதிராகவும் அமைய, சமய உரிமை பற்றிய சங்க அறிக்கை வெளியாயிற்று. எவரும் தம் மனச்சான்றுக்கு எதிராகச் செயல்படக் கட்டாயப்படுத்தப்படலாகாது. தக்க எல்லைகளுக்குள் அதன்படி நடப்பதினின்று தடுக்கப்படவும் ஆகாது என்பது அதன் அடித்தளம்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1968 ஜூலை 25-ஆம் நாளிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடலில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் செயற்கைக் கருத்தடை பற்றிய போதனையை உறுதி செய்தார். போதனை மாறவில்லை. அதைக் காவல்துறையைக் கொண்டு நிலைநாட்டும் எண்ணமே கைவிடப்பட்டிருந்தது. பிறரை வற்புறுத்தமாட்டோம் என்று திருச்சபை முடிவு செய்த அந்த நாட்டில், பின்னொரு காலம் திருச்சபையின் நிறுவனங்களையே வற்புறுத்தும் சட்டம் வரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

சாக்ரமெண்டோவின் நான்கு அளவுகோல்கள்

1960-இல் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. ஆயினும் அடுத்த 40 ஆண்டுகளாகப் பல காப்பீட்டுத் திட்டங்கள் அதற்குப் பணம் தரவில்லை. 1998-இல் ஆண்களுக்கான வயாகரா மாத்திரை விற்பனைக்கு வந்ததும் பல நிறுவனங்கள் அதற்குப் பணம் தர முன்வந்தன. இது நீதியா என்று பெண்கள் கேட்டார்கள். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அதே ஆண்டில் மேரிலாந்து மாநிலம் கருத்தடை மருந்துகளையும் காப்பீட்டில் சேர்க்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. மற்ற நோய்த்தடுப்பு மருந்துகளுக்குப் பணம் தரும் முதலாளி கருத்தடையை மட்டும் விலக்குவது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று 2000 டிசம்பரில் கூட்டரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் கருத்துரைத்தது.

கலிபோர்னியா 1999-இல் இயற்றிய சட்டத்தில் சமய நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சமய நிறுவனம் எது? சட்டம் நான்கு அளவுகோல்களைத் தந்தது. சமய நெறியைக் கற்பிப்பதே அதன் நோக்கமாக இருக்கவேண்டும். அதன் பணியாளர் பெரும்பாலும் அச்சமயத்தாராக இருக்கவேண்டும். அதன் பணியைப் பெறுவோரும் பெரும்பாலும் அச்சமயத்தாராக இருக்கவேண்டும். வரிச் சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவில் அது பதிவாகியிருக்கவேண்டும்.

சாக்ரமெண்டோ மறைமாவட்டத்தின் கத்தோலிக்க அறப்பணி நிறுவனம் இந்நான்கில் ஒன்றையும் நிறைவு செய்யவில்லை. அதன் பணியாளரில் ஏறத்தாழ நான்கில் மூவர் கத்தோலிக்கர் அல்லர். அது உதவிய ஏழைகளிடமும் எவரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2004 மார்ச் 1-ஆம் நாள் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதன் வழக்கைத் தள்ளியது. சட்டம் எல்லாருக்கும் பொதுவானது. எந்தச் சமயத்தையும் குறிவைத்துச் செய்யப்பட்டதன்று என்றது தீர்ப்பு. 2006-இல் நியூயார்க்கின் உச்ச அமர்வும் இவ்வாறே தீர்ப்பளித்தது.

அந்த நான்கு அளவுகோல்களின் முன் நல்ல சமாரியரை நிறுத்திப் பார்ப்போம். அவர் உதவியது வேற்று இனத்தானுக்கு. வழியோரத்தில் அவர் மறைக்கல்வி கற்பிக்கவும் இல்லை. ஆகவே அவர் செய்தது சமயப் பணி அன்று என்றே அச்சட்டம் கூறும். வாசலை அகலத் திறந்து வைத்ததே குற்றமாகிவிட்டது என்று ஆயர்கள் மனம் வருந்தியதன் காரணம் இது. ஆனால் நீதிமன்றத்தின் பக்கத்தையும் மறுத்துவிட இயலாது. வேற்று மதத்தாரை வேலைக்கு அமர்த்தும்போது அவர்களும் தங்கள் மனச்சான்றோடும் குடும்பத்தோடும்தான் உள்ளே வருகிறார்கள். திறந்த வாசல் இரு பக்கமும் கடமையை உண்டாக்குகிறது.

மாநிலச் சட்டங்களுக்குத் தப்ப ஒரு வழி இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தை நாடாமல் தன் பணத்தைக் கொண்டே மருத்துவச் செலவை ஏற்கும் முதலாளியை, 1974-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் மாநிலங்களின் காப்பீட்டு விதிகளிலிருந்து பொதுவாகக் காத்தது. பெரிய நிறுவனங்களுக்கு இது புகலிடமாயிற்று. கூட்டரசே விதி செய்யும் நாள் வந்தபோது அப்புகலிடமும் மூடியது.

எதிர்பாராத ஓர் ஆயுதம்

இடையில் மற்றொரு கதை நடந்திருந்தது. ஒரேகான் மாநிலத்தில் செவ்விந்தியத் திருச்சபையின் வழிபாட்டில் பெயோட்டே என்னும் போதைதரும் கள்ளிச்செடியை உட்கொண்டதற்காக இருவர் வேலை இழந்தனர். வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1990-இல் உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து சமயத்தின் பெயரால் விலக்குக் கேட்க அரசியலமைப்பு இடம் தராது என்றது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆண்டனின் ஸ்கேலியா கத்தோலிக்கர்.

சிறுபான்மைச் சமயங்கள் அஞ்சின. வலதுசாரிகளும் இடதுசாரிகளும் அரிதாகக் கைகோத்தனர். 1993-இல் செனட் அவையில் 97 வாக்குகள் ஆதரவாகவும் 3 எதிராகவும் விழ, சமய உரிமை மீட்புச் சட்டம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையொப்பமிட்டார். சமய வாழ்வின்மீது அரசு பெருஞ்சுமை வைப்பதானால், அதற்கு மிக இன்றியமையாத பொதுநலக் காரணம் இருக்கவேண்டும். அந்நோக்கத்தை அடைய அதைவிடக் குறைந்த இடர்தரும் வழி இல்லாதிருக்கவேண்டும். இவ்விரண்டே அச்சட்டத்தின் சோதனைகள்.

1997-இல் இச்சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அவ்வழக்கும் கத்தோலிக்க வழக்கே. டெக்சாஸின் பெர்னி என்னும் சிற்றூரில் இடம் போதாத பங்குக் கோவிலை விரிவுபடுத்த விரும்பிய சான் அன்டோனியோ பேராயர் புளோரஸ் அதில் தோற்றார். அதனால் சாக்ரமெண்டோவில் இச்சட்டம் உதவவில்லை. கூட்டரசை எதிர்க்க மட்டும் அது உயிரோடிருந்தது. கள்ளிச்செடி வழிபாட்டுக்காரருக்காக எழுந்த சட்டம், பின்னர் கன்னியருக்குக் கேடயமாயிற்று.

2012: ஒரு விதியும் ஒரு பிளவும்

2010 மார்ச் 23-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒபாமா புதிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். காப்பீடற்ற ஏழைகளுக்கு மருத்துவம் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். அன்றே கத்தோலிக்கரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போய்ச் சேரும் என்றஞ்சி ஆயர் பேரவை அச்சட்டத்தை எதிர்த்தது. கத்தோலிக்க மருத்துவ நிறுவனங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய அருட்சகோதரி கேரல் கீஹன் அதை ஆதரித்தார்.

பெண்களுக்கான நோய்த்தடுப்புச் சேவைகள் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு பிரிவு. அச்சேவைகள் எவை என்று சட்டம் பட்டியலிடவில்லை. அறிஞர் குழு ஒன்று 2011 ஜூலையில் அளித்த பரிந்துரையை ஏற்று, ஆகஸ்டு 1-ஆம் நாள் அரசு கருத்தடையையும் அதில் சேர்த்தது. சமய விலக்குக்குக் கலிபோர்னியாவின் நான்கு அளவுகோல்களை ஒத்த வரையறையே எடுத்தாளப்பட்டது. பங்குக் கோவிலுக்கு விலக்கு உண்டு. கத்தோலிக்க மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் இல்லை. 2011 நவம்பரில் வட கரோலினாவில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் நிறுவிய பெல்மாண்ட் ஆபி கல்லூரி முதல் வழக்கைத் தொடுத்தது.

2012 ஜனவரி 20-ஆம் நாள் அரசு தன் முடிவை உறுதி செய்தபோது, முன்பு சட்டத்தை ஆதரித்த கத்தோலிக்கரும் வருத்தம் தெரிவித்தனர். பிப்ரவரி 10-ஆம் நாள் ஒபாமா ஒரு மாற்று வழியை அறிவித்தார். மறுப்புத் தெரிவிக்கும் சமய நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை; காப்பீட்டு நிறுவனமே தன் செலவில் பணியாளருக்கு நேரடியாக வழங்கும். அருட்சகோதரி கீஹன் இதை வரவேற்றார். கர்தினால் டோலன் தலைமையிலான ஆயர் பேரவை போதாது என்றது. மே 21-ஆம் நாள் நோத்ர்தாம் பல்கலைக்கழகம் உள்ளிட்ட 43 கத்தோலிக்க நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூன் 21 முதல் ஜூலை 4 வரை ஆயர்கள் சமய உரிமைக்காக இரு வார இறைவேண்டலுக்கு அழைப்பு விடுத்தனர். அது தொடங்கியது புனித தாமஸ் மூரின் விழாவுக்கு முந்தின நாளில்.

ஏழைகளின் சிறிய சகோதரிகள்

1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் சேன் செர்வான் ஊரில், ழான் ழுகான் என்னும் எளிய பெண்மணி பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்து தம் படுக்கையையே கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. வழக்கமான மூன்று வார்த்தைப்பாடுகளோடு விருந்தோம்பலையும் நான்காம் வார்த்தைப்பாடாக ஏற்பவர்கள் இக்கன்னியர். 1882-இல் கல்கத்தாவில் காலூன்றிய இச்சபையின் முதியோர் இல்லங்களை இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள நம் வாசகர் பலர் அறிவர். 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ழான் ழுகானைப் புனிதராக அறிவித்தார்.

இச்சகோதரிகள் அமெரிக்காவில் ஏறத்தாழ 30 இல்லங்களை நடத்திவந்தனர். 2013 ஜூலையில் வந்த இறுதி விதிகளின்படி, தங்கள் மறுப்பை ஒரு படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, காப்பீட்டை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு அவர்கள் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால் அவர்கள் பொறுப்பு முடிந்தது என்றது அரசு. அந்தத் தாளே அந்நிறுவனத்துக்குக் கருத்தடை வழங்கும் அதிகாரத்தைத் தருகிறது. ஆகவே கையெழுத்திடமாட்டோம் என்றனர் சகோதரிகள். விதியை மீறுவோருக்கு ஒரு பணியாளருக்கு நாளொன்றுக்கு 100 டாலர் அபராதம். 2013 செப்டம்பரில் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். ஆண்டின் இறுதி இரவில் நீதிபதி சோனியா சோட்டோமயோர் அவர்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். 2015 செப்டம்பர் 23-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் தம் பயணத் திட்டத்தில் இல்லாதபோதும் வாஷிங்டனில் உள்ள அவர்களது இல்லத்துக்குச் சென்று வந்தார்.

கையெழுத்து பாவத்தில் பங்கேற்பதாகுமா? திருச்சபையின் அறநெறி இயலுக்கு இவ்வினா புதிதன்று. தீய நோக்கத்தோடு சன்னலில் ஏறும் எசமானுக்கு ஏணி பிடிக்கும் வேலைக்காரனுக்குக் குற்றத்தில் பங்குண்டா என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார்கள். புனித அல்போன்ஸ் லிகோரி இதை ஆழமாக ஆராய்ந்தார். தீயவனின் நோக்கத்தையே தனதாக்கிக்கொண்டு உதவுவது எந்நாளும் தவறு. நோக்கத்தை ஏற்காமல், அவனுடைய செயலுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்வது, அது எவ்வளவு நெருக்கமானது, எவ்வளவு தொலைவானது, அதற்கான காரணம் எவ்வளவு கனமானது என்பதைப் பொறுத்துச் சில வேளைகளில் ஏற்கத்தக்கது. இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நல்ல கத்தோலிக்கர் இரு வேறு முடிவுகளுக்கு வந்தனர். 2013-இல் மருத்துவக் கூட்டமைப்பு, இம்மாற்று வழியோடு தன் நிறுவனங்கள் வாழ இயலும் என்றது. சகோதரிகள் இயலாது என்றனர். ஒருவர் மற்றவரைத் துரோகி என்று அழைக்கத் தேவையில்லாத வேறுபாடு இது.

நீதிமன்றங்களின் நெடும்பயணம்

2014 ஜூன் 30-ஆம் நாள் ஹாபி லாபி வழக்கில் தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் கைவினைப் பொருள் கடைகளை நடத்திய ஒரு புரொட்டஸ்டாண்டு குடும்பத்தினர். அரசு ஏற்ற 20 கருத்தடை முறைகளில் கருவை அழிக்கக்கூடும் என்று தாங்கள் நம்பிய நான்கை மட்டுமே அவர்கள் மறுத்தனர். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சிலருடைய உடைமையாக உள்ள வணிக நிறுவனத்துக்கும் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும் என்றது.

சகோதரிகளின் வழக்கு, பிட்ஸ்பர்க் ஆயர் சூபிக்கின் வழக்கு உள்ளிட்ட ஏழு வழக்குகள் ஒன்றாக 2016-இல் விசாரணைக்கு வந்தன. நீதிபதி ஸ்கேலியா பிப்ரவரியில் இறந்துவிட, எண்மரே எஞ்சினர். மே 16-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பு ஒன்றும் கூறாமல், இரு தரப்பும் இசைவு காணும் வழியைத் தேடுமாறு கீழ் நீதிமன்றங்களுக்கே வழக்குகளைத் திருப்பியனுப்பியது. அடுத்து வந்த டிரம்ப் அரசு 2017-இலும் 2018-இலும் விலக்கை மிக விரிவாக்கியது. பென்சில்வேனியா மாநிலம் அதை எதிர்த்தது. 2020 ஜூலை 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அவ்வாறு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கூறியது. ஆயினும் வழக்கு முடியவில்லை. 2025 ஆகஸ்டு 13-ஆம் நாள் பிலடெல்பியாவின் கூட்டரசு நீதிபதி ஒருவர், அவ்விதிகள் போதிய காரணமின்றிச் செய்யப்பட்டவை என்று கூறி அவற்றைத் தள்ளினார். சகோதரிகள் மேல்முறையீட்டை நாடினர். ஒரு கையெழுத்தைப் பற்றிய வழக்கு 12 ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

வழக்கில் பேசாதவர்கள்

இத்தனை ஆண்டுகளில் நாம் அதிகம் கேளாத குரல் ஒன்று உண்டு. அது அந்நிறுவனங்களில் உழைக்கும் பெண்களின் குரல். நீண்டநாள் பயன்தரும் ஒரு கருத்தடைக் கருவியின் செலவு, குறைந்தபட்சக் கூலி பெறும் பெண்ணின் ஏறத்தாழ ஒரு மாத உழைப்புக்குச் சமம் என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 2014-இல் சுட்டிக்காட்டினார். விரிவாக்கப்பட்ட விலக்கால் 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை பாதிக்கப்படலாம் என்ற அரசின் மதிப்பீட்டை அவர் 2020-இல் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்.

மற்றொன்றும் உண்டு. இம்மருந்துகள் கருத்தடைக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. கருப்பை, சினைப்பை நோய்களுக்கும் மருத்துவர்கள் அவற்றைத் தருகிறார்கள். உடல் நோயைக் குணப்படுத்த உண்மையாகவே தேவைப்படும் மருத்துவத்தை, அதனால் கருத்தரிப்பு தடைபடும் என்று தெரிந்தாலும், அத்தடையை நேராக நாடாதவரை, திருச்சபை தவறெனக் கருதவில்லை என்று ‘ஹூமானே வீத்தே’ 15-ஆம் பத்தியில் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் 2012 பிப்ரவரியில் இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவி ஒருவர் காங்கிரஸ் உறுப்பினர் சிலர்முன் சாட்சியம் அளித்தார். சினைப்பை நோயுற்ற தம் தோழிக்கு அம்மருந்து சிகிச்சைக்கே தேவைப்பட்டும், காப்பீட்டுத் தரப்பினர் சந்தேகித்துத் தடுத்தனர் என்றும், செலவைத் தாங்க இயலாது அவர் மருந்தை நிறுத்தியதால் சினைப்பையை அகற்ற நேர்ந்தது என்றும் அவர் கூறினார். போதனை இடம் தந்த மருந்தை, போதனையின் பெயரால் இயங்கும் நடைமுறை மறுக்கக்கூடும் என்பதற்கு அச்சாட்சியம் ஓர் எச்சரிக்கை. தன் மனச்சான்றுக்கு மதிப்புக் கேட்கும் நிறுவனம், மருந்துச் சீட்டோடு வந்து நிற்கும் பெண்ணின் சொல்லையும் நம்பக் கடமைப்பட்டது.

நாம் கற்பது

1919-இல் அமெரிக்க ஆயர்கள், அருள்திரு ஜான் ரயன் வரைந்த சமூகச் சீரமைப்புத் திட்டத்தை வெளியிட்டார்கள். நோய், வேலையின்மை, முதுமை ஆகியவற்றுக்கு எதிராகத் தொழிலாளருக்கு அரசே காப்பீட்டு ஏற்பாடு செய்யவேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. அந்நாடு அதை அன்று முழுமையாகச் செவிமடுத்திருந்தால், செவிலியரின் மருந்துச் சீட்டு ஆயரின் மேசைக்கு வந்திருக்காது. 1970 முதல் கூட்டரசு குடும்பநலத் திட்டங்களுக்கு வரிப்பணத்திலிருந்து கருத்தடை உதவி வழங்கிவருகிறது. கத்தோலிக்கர் அவ்வரியைச் செலுத்தியே வருகின்றனர். அது மிகத் தொலைவான ஒத்துழைப்பு என்பதால் எந்தக் கன்னியரும் அதற்காக நீதிமன்றம் செல்லவில்லை. ஆகவே தேவைப்படும் பெண்ணுக்கு மருத்துவம் கிடைக்கவும், மறுக்கும் கன்னியரின் கை கட்டாயப்படுத்தப்படாதிருக்கவும் வழி இல்லாமலில்லை. அவ்வழியை நாடாமல் இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தியது, போர்க்காலத்தில் தற்செயலாய் எழுந்த ஒரு காப்பீட்டு முறையும், வெற்றியை மட்டுமே தேடிய அரசியலும்.

1965-ஆம் ஆண்டின் சங்கப் போதனை இருபுறமும் கூரான வாள். திருச்சபை பிறரைச் சட்டத்தால் வற்புறுத்தலாகாது என்று அது கற்பித்தது. திருச்சபையைப் பிறர் வற்புறுத்தலாகாது என்றும் கற்பித்தது. முதற்பகுதியை மறந்து இரண்டாம் பகுதியை மட்டும் உரத்துச் சொல்பவரின் சொல்லுக்கு வலிமை இராது. நம் நாட்டிலும் நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வேற்று மதத்தார் பலருக்கு வேலை தரும் இடங்கள். அரசிடம் நம் உரிமையைக் கேட்கும்போதெல்லாம், நம் கூரையின்கீழ் உழைக்கும் எளியவருடைய மனச்சான்றுக்கும் தேவைக்கும் நாம் என்ன மதிப்புத் தருகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்வது நலம். படுக்கையைப் பார்வையிழந்த மூதாட்டிக்குக் கொடுத்த ழான் ழுகான், முதலில் பார்த்தது எதிரே நின்றவரின் தேவையைத்தான்.